எந்த ஊர்க் குளிர் பெரியது?

உலகத்திலே தகராறுகள் பலவிதம். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, தாயாதித் தகராறு ஆகிய எல்லாவற்றுக்கும் கோர்ட்டிலே என்றாவது ஒருநாள் தீர்ப்புக் கிடைத்துவிடும். "உங்கள் ஊர்க் குளிரும் ஒரு குளிரா?" என்ற தகராறுக்கு மட்டும் எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்புக் கிடையாது. அப்படிப்பட்ட வழக்கு ஒன்றில், சென்ற மார்கழிக் கடைசியில், நாம் நீதிபதி ஸ்தானத்தில் உட்கார நேர்ந்தது. வழக்கு நடந்த இடம் சிதறால்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்தக் கிராமம். அங்குள்ள குன்றின் மேல் பாறையைக் குடைந்து தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்திலேயே அது ஜைனத் துறவிகளின் புகலிடமாக இருந்தது. பிற்காலத்தில் அது பகவதி கோயிலும் ஆயிற்று. குன்றைச் சுற்றி எங்கு நோக்கினும் ரப்பர்த் தோட்டங்கள். இடையிடையே தென்னையும் வாழையும் மரச்சீனியும். குன்றின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்றில் நம் நண்பர் வசிக்கிறார். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்துக்கொண்டு, தாமே விடியுமுன் எழுந்து பால் வெட்டுகிறவர்.

நண்பருடைய தகப்பனாரின் வருஷ திதிக்காகக் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. பெங்களூரிலிருந்து தமையனார், அவருடைய மனைவி, சென்னையிலிருந்து தமக்கையார். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் விவாதம் ஆரம்பமாயிற்று. எண்பத்து மூன்று வயதான தாயாரை இந்தக் குளிர்காலத்தில் எந்த ஊரில் வைத்துக்கொள்வது என்பதே விஷயம். சென்ற வருஷம் பெங்களூருக்கு அழைத்துப் போனபோது அந்த அம்மாளுக்கு இருமல் கண்டு, பதினேழு நாள் படுக்கையாய்க் கிடந்தாராம்.

தமையனார் தம் செல்பேசியை நம் முன் நீட்டினார். "சாறே, நீங்களே பாருங்க. பெங்களூர்ல இப்ப பதினாறு. இங்க இருபத்திரண்டு. ஆறு டிகிரிதான் வித்தியாசம். ஆறு டிகிரிக்கு ஒரு மனுஷி சாகவா போறா?" என்றார்.

வீட்டினுள்ளே தாயார் விழித்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு தமக்கையார், "சென்னைல இருபத்தொண்ணு. இங்கத்தக் குளிருதான் அங்கயும். அம்மைய என்கிட்ட விடுங்க" என்றார். நம் நண்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் சற்றே பலமாகக் கேட்டது. கடைசியில், "பூகோளம் படிப்பிக்கிய சாறு சொல்லட்டும்" என்று வழக்கை நம்மிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

பூகோளம் போதித்து ஜீவனம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வராது. வகுப்பிலே குளிரைப் பற்றிப் பேசுவது சுலபம். ஒரு கிழவியின் கட்டிலை எங்கே போடுவது என்று சொல்வது அவ்வளவு சுலபம் அல்ல. எனவே முதலில் நமக்குத் தெரிந்த அங்கத்தை அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். நேயர்களில் பலருடைய வீடுகளிலும் இந்த வழக்கு நடக்கக்கூடுமாகையால், அதை இங்கேயும் சொல்லிவிடுகிறோம்.

ஜனவரி மாதத்தின் சராசரியை எடுத்துக்கொண்டால், சிதறாலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்தில் பகல் உஷ்ணம் சுமார் 31 டிகிரி, விடியற்காலை சுமார் 22. சென்னையில் பகல் ஏறக்குறைய 30, விடியற்காலை 21. பெங்களூரில் 28ம் 16ம். கல்கத்தாவில் 26ம் 14ம். டில்லியில் பகலே 20தான். விடியற்காலை 7 அல்லது 8. கடல் கடந்து சென்றால், சிங்கப்பூரில் 30ம் 24ம். இவையெல்லாம் உஷ்ணப் பிரதேசத்து ஊர்கள் என்றே உலகத்தார் நினைக்கிறார்கள். ஆனாலும் விடியற்காலைக் கணக்கில் ஒன்றுக்கொன்று எத்தனை தூரம்!

இதற்கு முதற்காரணம் சூரியன். மார்கழி 7ம் தேதியை ஒட்டி, அதாவது டிசம்பர் 22ல், உச்சி வேளையில் சிதறாலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறான். அதே வேளையில் டில்லியில் 38 டிகிரிதான். சிதறாலில் அன்றைய பகல் 11 மணி 40 நிமிஷம்; டில்லியில் 10 மணி 20 நிமிஷம். வெயில் சாய்ந்தும், குறைந்த நேரமும் விழுகிற இடத்தில் பூமி எப்படிச் சூடேறும்?

இரண்டாவது காரணம் கடல். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பண்புடையது. சிதறாலுக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து டிகிரி அட்சரேகை வித்தியாசம் இருந்தும், விடியற்காலைக் குளிரில் ஒரு டிகிரிதான் பேதம் என்றால், அது சமுத்திரத்தின் தயவு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் 13.9 டிகிரி, 1895 டிசம்பர் 11ம் தேதியும், மறுபடி 1905 ஜனவரி 29ம் தேதியும் அது நேர்ந்தது. நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அந்தக் கணக்கு முறியவில்லை. வருங்காலத்தில் முறியுமென்று எதிர்பார்க்கவும் காரணமில்லை. 1901க்கும் 2018க்கும் இடையே நம் தேசத்தின் சராசரி உஷ்ணமே சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. நகரங்களிலோ கான்கிரீட்டும் தார்ச் சாலையும் பகல் வெயிலைச் சேமித்து வைத்து இரவில் செலவழிக்கின்றன.

மூன்றாவது காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 920 மீட்டர். தமையனார் சொன்ன ஆறு டிகிரி எங்கிருந்து வந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. அங்கே 1884ம் வருஷம் ஜனவரி 13ம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு.

நான்காவது காரணத்தை நாம் சாதாரணமாக நினைப்பதே இல்லை. ஹாங்காங் நகரமும் கல்கத்தாவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டும் கடலுக்கு அருகில் உள்ளவை. ஆயினும் ஹாங்காங்கில் ஜனவரிப் பகல் 19 டிகிரிதான். 1893 ஜனவரி 18ம் தேதி அங்கே உஷ்ணமானி சைபருக்கே இறங்கிவிட்டது. 2016 ஜனவரி 24ம் தேதியும் 3.1 டிகிரி. சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று சீன தேசத்தின் வழியாகத் தடையின்றித் தெற்கே இறங்கிவிடுகிறது. நம்முடைய பக்கத்திலோ இமயமலை குறுக்கே நிற்கிறது. இமயத்தை நம் தேசத்தின் மதில் என்று சொல்வது வழக்கம். குளிர்கால விஷயத்தில் அதைக் கம்பளி என்று சொல்வதே பொருத்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சிதறாலுக்கே உரிய ஒரு வேடிக்கையையும் சொன்னோம். டில்லிக்காரருக்குக் குளிர்காலம் என்றால் பகலும் இரவும் குளிர வேண்டும். தெற்குத் திருவிதாங்கூர்ச் சீமையிலோ ஜனவரி மாதப் பகல், ஜூலை மாதப் பகலைவிட உஷ்ணம்! ஆனி, ஆடியில் மேகமும் மழையும் வெயிலை மறைத்துவிடுவதால், திருவனந்தபுரத்தில் அப்போது பகல் உஷ்ணம் சற்றுத் தணிந்துவிடுகிறது. ஆகையால் இங்கே குளிர்காலம் என்பது இராக்காலத்து விஷயம் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் நிர்மலமாகி, காற்று உலர்ந்தால், பகலில் பூமி வாங்கிய உஷ்ணம் இரவில் தங்குதடையின்றி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியோர் சொல்லிவைத்தது இதைத்தான்.

நம் வானிலை இலாகாவின் விதிப்படி, கடலோர நிலையங்களில் குறைந்தபட்ச உஷ்ணம் 15 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது தாழ்ந்திருந்தால்தான் 'குளிர் அலை' என்ற பட்டம் கிடைக்கும். அந்த விதிப்படி பார்த்தால் சிதறாலில் குளிர் என்பதே இல்லை. ஆனால் ரப்பர் மரத்துக்கு அந்த விதி தெரியாது. மார்கழி, தையில் அதன் இலைகள் சிவந்து உதிர்கின்றன. பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. அந்தத் தளிரில் சுரக்கும் இனிப்பை நாடித்தான் மார்த்தாண்டத்துத் தேனீக்கள் புறப்படுகின்றன. விடியற்காலைக் குளிர்ச்சியிலே பால் நன்றாக ஒழுகும், வெயில் ஏறினால் உறையத் தொடங்கும் என்பதனால்தான் நம் நண்பர் இருட்டிலே எழுந்து போகிறார். உஷ்ணமானி கண்டுபிடிக்காத குளிரை மரமும் கண்டுபிடிக்கிறது, தேனீயும் கண்டுபிடிக்கிறது, கிழவியும் கண்டுபிடிக்கிறாள்.

இந்தச் சீமைக்குக் குளிரை அளந்து பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1837ல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் ஸ்தாபித்தார். அக்காலத்தில் சிதறாலும் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததே. பிற்பாடு அந்தக் கூடத்தின் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் என்பவர், 1855ல் அகத்தியமலைச் சிகரத்திலேயே இன்னொரு கூடம் அமைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த உச்சிக்கு யானையும் புலியும் உலவும் காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து போய், மேலே எத்தனை, கீழே எத்தனை என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். நாமும் அவ்வழியைப் பின்பற்றினால் என்ன என்று தோன்றியது. "தீர்ப்பு நாளைக் காலையில்" என்று சொல்லி வழக்கை ஒத்திவைத்தோம்.

அன்று மாலை நண்பரும் நாமும் குன்றின் மேல் ஏறினோம். கல் பாவிய பாதை முந்திரி மரங்களுக்கு இடையே வளைந்து செல்கிறது. மேலே தீர்த்தங்கரர்களின் வரிசைக்கு முன்னால், கூரை போல் கவிந்திருக்கும் பெரும்பாறையின் அடியில் சற்று உட்கார்ந்தோம். வெளியே காற்று குளிர்ந்துவிட்டது. முதுகு சாய்த்த பாறையோ வெதுவெதுவென்று இருந்தது. பகல் முழுவதும் குடித்த வெயிலை அது மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பாறை மேலே கவிந்திருந்ததால் அந்தச் சூடு ஆகாயத்துக்குப் போகவும் வழியில்லை. உடுக்க உடையும் வேண்டாமென்று துறந்த திகம்பர முனிவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் விவேகம் இருந்தது என்று நமக்குப் பட்டது. ஊர்க் குளிர் வேறு, படுக்கும் இடத்தின் குளிர் வேறு!

இறங்கி வந்ததும், பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் கொண்டுவந்திருந்த இரண்டு உஷ்ணமானிகளை எடுத்தோம். இரவில் எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் குறித்துக் காட்டும் வகை அவை. ஒன்றை முற்றத்துக் கொய்யா மரத்திலும், மற்றொன்றைத் தாயாரின் அறையிலும் தொங்கவிட்டோம். காலையில் பார்த்தபோது முற்றத்தில் 21, அறையில் 24. கனத்த மண்சுவரும், மரத் தட்டுப் பாவிய மச்சும், சமையலறை அடுப்புக்கு அடுத்த சுவருமாகச் சேர்ந்து மூன்று டிகிரியைக் காப்பாற்றியிருந்தன.

"பெங்களூரில் அம்மா படுத்திருந்த அறை எப்படிப்பட்டது?" என்று தமையனாரைக் கேட்டோம். கீழ்த்தளம், வெயில் வராத வடக்குப் பக்கத்து அறை, கருங்கல் தரை. குழாயைத் திறந்தால் கையை விறைக்கச் செய்யும் தண்ணீர். செல்பேசியில் தெரியும் பதினாறும் இருபத்திரண்டும் அந்த அம்மாளைத் தொட்டதே இல்லை. அவருடைய காலைத் தொட்டது அந்தத் தரை. மிதமான குளிரைத்தான் நாம் அலட்சியம் செய்கிறோம். 2018ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நம் தேசத்தில் கடுங்குளிரினால் நேரும் மரணத்தைவிட மிதமான குளிரின் பங்கினால் நேரும் மரணமே அதிகம் என்று காட்டியிருக்கிறது. வீட்டினுள்ளே 18 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நலம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் அதே வருஷத்தில் சொல்லியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது நமக்கே தொண்டை அடைத்தது. காரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் நாம் கோயம்புத்தூரில் உத்தியோகமாக இருந்தபோது, நம் தாயாரை ஒரு தை மாதம் அங்கே அழைத்துப் போனோம். நாலு டிகிரிதான் வித்தியாசம் என்று நாமும் கணக்குப் போட்டவர்தாம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு படுக்கையை உதறியபோது, பாயின் அடியில் நம்முடைய பழைய வேட்டிகள் இரண்டு மடித்து வைத்திருந்தன. போர்வை ஒன்று கேட்கக் கூச்சப்பட்டு, அவற்றைப் போர்த்துக்கொண்டு ஒரு மாதம் கழித்திருக்கிறார். பூகோள ஆசிரியரின் வீட்டில்!

அப்போது தாயார் தாமாகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்தார். "நான் ஒண்ணு கேக்கட்டா மக்களே? எந்த ஊர்ல எத்தன டிகிரின்னு எனக்குத் தெரியாது. காலத்த எழும்பினா ஒரு செம்பு சூடு வெள்ளம் வேணும். கூப்பிட்டா ஏன்னு கேக்க ஒரு ஆளு வேணும். அது எந்த ஊர்ல கிட்டும்?"

தமையனார் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மனைவிதான் பேசினார். "சூடு வெள்ளம் நான் வச்சுத் தாறேன் மாமி. ஆனா எட்டு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, ராத்திரி ஏழு மணி வரைக்கும் நீங்க தனியாத்தான் இருக்கணும். போன வருஷம் நடந்தது அதுதான். அத யாரும் சொல்லல்ல."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நம் நண்பரின் மனைவி வாசற்படியில் வந்து நின்றார். "மாமிய நான் பாத்துக்கிடுதேன். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா எங்க அம்மைக்க வீட்டுக்குப் போயி நாலு வருஷம் ஆச்சு. ஒரு மாசம் போயிட்டு வரணும்" என்றார். இவ்வளவு நேரமும் குளிரைப் பற்றி நடந்ததாக நாம் எண்ணிய வழக்கு உண்மையில் இந்த ஒரு மாதத்தைப் பற்றியது என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஒருவரும் அதை வாய் திறந்து கேட்கத் துணியாமல், பாவம், பெங்களூரையும் சென்னையையும் இழுத்துவிட்டிருந்தார்கள்.

அதன் பிறகு தீர்ப்புக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தை, மாசியில் தாயார் தம் சொந்த அறையை விட்டு நகர்வதில்லை. தமக்கையார் பதினைந்து நாளும் தமையனார் பதினைந்து நாளும் சிதறாலுக்கு வந்திருப்பார்கள். அந்த மாதம் நண்பரின் மனைவி தாய் வீட்டில் இருப்பார். சித்திரையில் பேரக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் ஆள் இருக்கும். அப்போது பெங்களூர்ப் பிரயாணம். ஏப்ரல் மாதத்துப் பெங்களூரில் விடியற்காலை உஷ்ணம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சுமார் 22 டிகிரி. அதாவது, சிதறாலின் தை மாதத்து இரவு அந்த அம்மாளுக்கு முன்பாகவே அங்கே போய்க் காத்துக்கொண்டிருக்கும். இதைக் கேட்டதும் தாயார் முதன்முறையாகச் சிரித்தார். "அப்பம் அது நம்ம ஊருதானே!" என்றார்.

ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம்: கட்டில் தெற்குப் பக்கத்து அறையில் போட வேண்டும், தரையில் பாய் விரிக்க வேண்டும். தமையனார் தாளில் எழுதிக்கொண்டார்.

உஷ்ணமானிகளில் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மற்றதற்குக் கிரயம் கட்டி, நண்பர் வீட்டிலேயே விட்டுவந்தோம். நேயர்கள் வீட்டிலும் முதியோர் இருக்கக்கூடும். அவர்கள் படுக்கும் அறையில் விடியற்காலை நாலு மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒருநாள் எழுந்து பாருங்கள். எழுந்ததோடு எழுந்து, அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்துவிட்டால் உத்தமம்.